நடமாட்டத்தை எண்ணிவிட்டேன், கட்டடம் வரவில்லை: தோ பாயோ புளோக் கீழ்த்தளம்

யாழினி

எல்லாருக்கும் வணக்கம். கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்து ஸ்டூடியோ வேலை, அன்றாட நடமாட்டத்தையும் தரவையும் வைத்து ஒரு சின்னப் பொது இடத்தை வடிவமைப்பது. நான் எடுத்தது சிங்கப்பூரில் எங்கள் தோ பாயோ புளோக்கின், அதாவது அடுக்குமாடிக் கட்டடத்தின், கீழ்த்தளமும் அங்கிருந்து பேருந்து நிறுத்தம் வரைக்குமான நிலமும். பிறந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறேன், அதனால் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன்.

முதலில் அக்கம்பக்கத்தில் ஒன்பது பேரிடம் கேட்டு, நடக்கும் பாதையைப் பதிவுசெய்யும் செயலியை அவர்கள் கைப்பேசியில் போட்டேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் எதிர்வீட்டுச் சீனப் பாட்டியின் பாதை பக்கத்துப் புளோக் சுவருக்குள் போய்த் திரும்புகிறது. உயரமான புளோக்குகளுக்கு நடுவே ஜிபிஎஸ் பல மீட்டர் தள்ளிக் காட்டுகிறது. ஒன்றரை மீட்டர் அகலப் பாதையை ஆராய அது உதவாது.

பிறகு நானே டிரேசிங் பேப்பரோடு உட்கார்ந்தேன். இரண்டு வாரம், காலை 6.30 முதல் 8.30 வரை, மாலை 5.30 முதல் 7.30 வரை. கடந்துபோகும் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு. பெரியவர்களுக்குச் சிவப்பு, பள்ளிப் பிள்ளைகளுக்கு நீலம், டிராலி இழுப்பவர்களுக்குப் பச்சை. பக்கத்திலேயே விதவிதமான நாற்காலிகளும் சதுரங்க மேசைகளும் இருக்கின்றன. அதனால் யாரும் என்னைச் சந்தேகமாகப் பார்க்கவில்லை. மொத்தம் 412 கோடுகள் சேர்ந்தன.

எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்ததும் அம்மா பார்த்துவிட்டு, "சிக்குக் கோலம் மாதிரி இருக்குடி" என்றார். அங்கிருந்துதான் யோசனை பிறந்தது. அந்தக் கோடுகளையே கூரையாக்கினேன். ஆட்கள் அதிகம் போகும் இடத்தில் கூரை மேலே எழும், குறைவான இடத்தில் தாழும். மூன்று இரவு தூங்காமல் மாடல் செய்தேன். டியூட்டர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மழை பெய்தால் இதில் யார் நனைவார்கள்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இடைக்கால மதிப்பீட்டுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. தரவு கையில் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. கோட்டிலிருந்து கட்டடத்துக்கு எப்படிப் போவது? இதே வேலையைச் செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எங்கள் புளோக் ஆட்களுக்கு உண்மையிலேயே பயன்படுகிற ஒன்றாக இது வரவேண்டும் என்பது என் ஆசை.

எண்ணன்

யாழினி, நான் போக்குவரத்துத் தரவில் வேலை பார்ப்பவன். கட்டடம் பற்றித் தெரியாது, தரவு பற்றி மட்டும் சொல்கிறேன்.

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமாலில், ஒவ்வொரு பேருந்து நிறுத்தத்திலும் எத்தனை பேர் அட்டையைத் தட்டி ஏறினார்கள், இறங்கினார்கள் என்பது மணிவாரியாகக் கிடைக்கும். இலவசம், பதிந்துகொண்டால் போதும். உங்கள் நிறுத்தத்தை எடுத்துப் பாருங்கள். உங்கள் கோடுகள் காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் மட்டும். அந்த எண்ணிக்கை நாள் முழுவதற்கும் இருக்கும். நீங்கள் உட்காராத நேரத்தில் கூட்டம் எப்படி என்பதை அதில் பிடிக்கலாம்.

ஆனால் அதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்தத் தரவு வேலை நாள், வார இறுதியும் விடுமுறையும் என்று இரண்டே வகையாகத்தான் வரும். சனியையும் ஞாயிறையும் பிரிக்க முடியாது. தோ பாயோவில் அது பெரிய சிக்கலாக இருக்காது. தேக்கா என்று நாம் சொல்லும் லிட்டில் இந்தியாவை இதை வைத்து ஆராயப் போனால் கதையே மாறிவிடும். சனிக்கிழமைத் தேக்காவும் ஞாயிறு மாலைத் தேக்காவும் ஒரே ஊரா? அதிலும் வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் விடுதிகளிலிருந்து தனிப் பேருந்துகளில் வருகிற நம் ஊழியர்கள் எந்த நிறுத்தத்திலும் அட்டை தட்டுவதில்லை. சிராங்கூன் சாலையில் தோளோடு தோள் இடித்து நடக்கிற கூட்டத்தில் பலர் அந்த அட்டவணையில் கிடையாது. எண்ணிக்கையில் வராதவர்களுக்கு யாரும் பெஞ்ச் போடுவதில்லை. தரவு வேலையில் இத்தனை வருடம் இருந்தும் இதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

இன்னொன்று. ஒன்பது பேரின் பாதைப் பதிவை மதிப்பீட்டில் காட்டும்போது வீட்டு வாசல் தெரியும் பகுதியை வெட்டிவிடுங்கள். பெயரே இல்லாவிட்டாலும் கோடு எந்தக் கதவில் முடிகிறதோ அதுவே பெயர்.

அளவுநாடா

யாழினி, நான் கட்டடக் கலைஞன் இல்லை. 1979இல் டிராஃப்ட்ஸ்மேனாகச் சேர்ந்து 2016 வரை வரைந்தவன். முதலில் மைப் பேனாவும் தப்பைச் சுரண்ட பிளேடும், பிறகு கணினி. எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பேட்டையில் கூரையிட்ட நடைபாதை வரைந்தேன். புளோக்கிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு நேர்க்கோடு. அலுவலகத்தில் எல்லாருக்கும் திருப்தி. கட்டி ஒரு வருடம் கழித்து, அந்தப் பேட்டையில் இருந்த என் அக்கா வீட்டுக்குப் போனேன். காலை 7 மணி இருக்கும். கூரைக்கு அடியில் ஆளே இல்லை. இரண்டு மீட்டர் தள்ளிப் புல்லில் ஒரு தடம். ஒற்றையடிப் பாதை என்று சொல்ல முடியாது. நடுவில் காலடி, இரண்டு பக்கமும் மெல்லிய பள்ளம். குனிந்து கையால் அளந்தேன், பள்ளத்துக்குப் பள்ளம் ஒன்றரைச் சாண். சந்தைக்குப் போகிறவர்கள் இழுத்து வரும் டிராலியின் சக்கரம்.

ஏன் என்று நடைபாதையின் கடைசிக்குப் போய்ப் பார்த்தேன். 15 செ.மீ. உயரத்துக்கு ஒரு படி. நான் வரைந்த படிதான். பிளானில் அது ஒரே ஒரு கோடு, அரை விநாடி வேலை. அரிசியும் மீனும் காய்கறியுமாகப் பாரம் ஏற்றிய டிராலியை இழுத்து வரும் அறுபது வயதுப் பெண்ணுக்கு அது தினமும் ஒரு தூக்கல். 1:12 சரிவு என்றால் 15 செ.மீ.க்கு 1.8 மீட்டர் நீளம் வேண்டும். அந்த 1.8 மீட்டரை நான் விட்டுவைக்கவில்லை. கடைசித் தூணைப் பார்த்தேன். முழங்கால் உயரத்தில், ஒரு பக்கம் மட்டும், பெயிண்ட் உரிந்து சிமென்ட் தெரிந்தது. படிக்கு முன்னால் டிராலியைத் திருப்பித் திருப்பி உரசிய இடம். தொட்டால் வழவழவென்று இருந்தது.

அந்தத் தூண்தான் எனக்குக் கிடைத்த முதல் தரவு. செயலியும் இல்லை, டிரேசிங் பேப்பரும் இல்லை. அன்றைக்குப் பிறகு எந்த இடத்தை வரையச் சொன்னாலும் முதலில் போய்த் தேய்மானத்தைப் பார்ப்பேன். கைப்பிடியில் எந்த அடி மட்டும் பளபளக்கிறது, சுவரில் எந்த உயரத்தில் தலை எண்ணெய்க் கறை இருக்கிறது, எந்தப் புல் முளைக்கவே இல்லை. ஆண்டுக்கணக்கில் ஊர் மக்கள் எழுதிவைத்த கணக்கு அது.

இப்போது உன் கோலத்துக்கு வருகிறேன். அம்மா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். புள்ளி வைக்காமல் யாராவது சிக்குக் கோலம் போட்டு நீ பார்த்திருக்கிறாயா? முதலில் புள்ளி, அப்புறம்தான் இழை. இழை வளைவதே புள்ளியைச் சுற்றிப் போகத்தான். நீ 412 இழையை எடுத்து வந்திருக்கிறாய், ஒரு புள்ளியைக்கூட எடுத்து வரவில்லை. நேராகப் போகிற கோடுகளை ஒதுக்கி வை. எங்கே வளைகிறது, எங்கே நிற்கிறது என்று பார். அந்த இடத்தில் போய் நில், மேலே பார், கீழே பார். சொட்டுகிற ஏசிக் குழாயோ, வெயிலோ, யாரோ பூனைக்குச் சோறு வைக்கிற தூணோ, பேச்சுத் துணையோ ஏதோ ஒன்று இருக்கும். அதுதான் புள்ளி. கட்டடம் அங்கேதான் தொடங்கும்.

உன் டியூட்டரின் கேள்விக்குப் பதில் பிளானில் கிடைக்காது, செக்‌ஷன், அதாவது செங்குத்தாக வெட்டிப் பார்க்கும் படம், வரைந்து பார். மழை 45 டிகிரியில் சாய்ந்து அடித்தால், கூரை எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் சாரல் உள்ளே வரும். நீ ஆட்கள் அதிகம் போகும் இடத்தில் கூரையை உயர்த்தியிருக்கிறாய். அப்படியானால் அதிகம் பேர் நனைவது அங்கேதான். கூட்டம் இருக்கும் இடத்தில் கூரை தாழ்ந்து அகலவேண்டும். சந்தேகம் இருந்தால் மழை நாளில் சிராங்கூன் சாலை அஞ்சடியில், கடைகளின் முன்னால் இருக்கும் கூரையிட்ட நடைவழியில், நடந்து பார். 1822இல் ராஃபிள்ஸ் நகரத்துக்குத் திட்டம் போட்டபோதே, வீட்டு முகப்பில் தொடர்ச்சியாகக் கூரையிட்ட வழி எந்நேரமும் திறந்திருக்கவேண்டும் என்று எழுதிவைத்தார். வெயிலிலும் மழையிலும் நடக்கிற மனிதனை நினைத்துப் போட்ட அளவு. இருநூறு வருடமாகியும் நான் குடை விரிக்காமல் பூக்கடையிலிருந்து மளிகைக் கடைக்குப் போகிறேன்.

நடையைக் குறைப்பதுதான் நல்ல வடிவமைப்பு என்று நினைத்துவிடாதே. என் அக்கா இருந்த பழைய புளோக்கில் மின்தூக்கி 1, 5, 9 என்று சில மாடிகளில்தான் நிற்கும். அக்கா நான்காம் மாடி. ஐந்தில் இறங்கி, தாழ்வாரத்தில் நடந்து, படி இறங்கி வீட்டுக்கு வருவார். 2001இல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாடியிலும் மின்தூக்கி நின்றது. முழங்கால் தேய்ந்த அக்காவுக்கு அது பெரிய வரம். அதே அக்கா, "ஐந்தாம் மாடி மலாய்க்கார மக்சிக் முகத்தையே பார்க்க முடியல தம்பி" என்றும் வருத்தப்பட்டார். எண்ணினால் நடை குறைந்தது, நல்லது. அந்தத் தாழ்வாரத்தில் தினமும் நடந்த இரண்டு நிமிடப் பேச்சும் அதோடு போனது, அது எந்தக் கணக்கிலும் இல்லை. அந்த நிற்றலுக்கு வேறு இடம் தரவேண்டியது வரைகிறவர்களின் பொறுப்பு.

வெயிலையும் ஒரே மாதத்தில் பார்த்து முடிவுசெய்யாதே. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறோம். நண்பகல் வெயில் ஜூனில் வடக்கே சாயும், டிசம்பரில் தெற்கே சாயும். இந்த மாதம் நிழலுக்காக வளைகிற கோடு ஆறு மாதம் கழித்து மறுபக்கம் வளையும்.

ஜோதி

யாழினிம்மா, எனக்குக் கட்டடக்கலை தெரியாது, ஆனால் இதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நான் வீட்டோடு இருந்து மாமியாரைப் பார்த்துக்கொள்கிறேன். அவருக்கு 84 வயது, சக்கர நாற்காலி. எங்கள் புளோக்கில் நீ உட்கார்ந்திருந்தால் உன் 412 கோட்டில் அவர் இருக்கமாட்டார். காலையில் மின்தூக்கியில் பள்ளிக்கூடப் பைகள், வேலைக்கு ஓடுகிறவர்கள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நான் எப்படி நுழைவது? 10.30க்குத்தான் இறங்குவோம். 11.30க்கு வெயில் ஏறிவிடும், மேலே வந்துவிடுவோம்.

இறங்கியதும் அவர் போகச் சொல்வது தபால் பெட்டிகளுக்குப் பக்கம். அங்கே இரண்டு புளோக்குக்கு நடுவில் இருந்து நல்ல காற்று வரும், தவிர வருகிறவர்கள் எல்லாரும் பெட்டியைத் திறக்க ஒரு நிமிடமாவது நிற்பார்கள். ஒரு வார்த்தை பேசுவார்கள். அதற்காகத்தான் அவர் கீழேயே வருகிறார். பெஞ்சு இருப்பது இருபதடி தள்ளி, சுவரைப் பார்த்தபடி. அங்கே உட்கார்ந்தால் யாரும் வரமாட்டார்கள். நான் நின்றுகொண்டே இருப்பேன். ஊரில் எங்கள் வீட்டுத் திண்ணை தெருவைப் பார்த்து இருக்கும், போகிறவன் வருகிறவன் எல்லாம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவான். அந்த மாதிரி ஒன்று தபால் பெட்டி அருகில் இருந்தால் எனக்கும் உட்கார இடம் கிடைக்கும். பக்கத்தில் நாற்காலி நிற்க இடம் விடு. பிடித்து எழ ஒரு கைப்பிடியும் வை.

செல்வி

அளவுநாடா ஐயா எழுதியதைப் படித்ததும் வகுப்பில் நான் சொல்லித்தரும் மூன்று பேர் நினைவுக்கு வந்தார்கள். சுருக்கமாக எழுதுகிறேன்.

நியூயார்க்கில் நகர ஆய்வாளர் வில்லியம் வைட் 1970களில் சதுக்கங்களுக்கு மேலே கேமரா வைத்து மனிதர்களைப் படம்பிடித்தார். அவர் கண்டதில் முக்கியமான ஒன்று, பேச நிற்பவர்கள் ஓரமாக ஒதுங்குவதில்லை, நடக்கும் கூட்டத்தின் நடுவிலேயே நிற்கிறார்கள். ஜோதி அக்கா சொல்லும் தபால் பெட்டி கதை அதுதான். உட்காரும் இடத்தை ஒதுக்குப்புறத்தில் வைத்தால் காலியாகத்தான் கிடக்கும்.

இரண்டாவது, லண்டன் டிரஃபால்கர் சதுக்கம். இடங்கள் எப்படி இணைகின்றன என்பதை வைத்து நடமாட்டத்தை ஆராயும், பில் ஹில்லியர் தொடங்கிய ஸ்பேஸ் சின்டாக்ஸ் ஆய்வு முறையில் நடமாட்டத்தைப் பதிவுசெய்தபோது, ஊர்க்காரர்கள் சதுக்கத்தின் நடுவைத் தவிர்த்து ஓரமாகவே சுற்றிப் போவது தெரிந்தது. அதிலிருந்து வந்த வடிவமைப்பு முடிவு மிக எளிமையானது. வடக்குப் பக்கச் சாலையை மூடி, நேஷனல் கேலரி ஓவியக் கூடத்துக்கு நேராக நடுவில் அகலமான படிக்கட்டு. 2003இல் திறந்தார்கள். அத்தனை ஆயிரம் கோடுகளுக்குப் பிறகு ஒரு படிக்கட்டு! யாழினி, உங்கள் முடிவும் இவ்வளவு சின்னதாக இருக்கலாம், தயங்கவேண்டாம்.

மூன்றாவது, கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர். 1964இல் வெளிவந்த நூலில் ஓர் இந்தியக் கிராமத்தை எடுத்து, அதன் தேவைகளை 141 ஆகப் பிரித்து, எது எதோடு மோதுகிறது என்று கணக்குப் போட்டு வடிவத்துக்குப் போனார். மாடு எங்கே நிற்கும், தண்ணீர் எப்படி வரும் என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. தரவிலிருந்து கட்டடம் என்று பேசுகிறவர்கள் இன்றும் அவரிடம் போகிறார்கள். 1971 பதிப்பின் முன்னுரையில் அவரே அந்தக் கணக்கு முறையை ஒதுக்கிவைத்து, ஒவ்வொரு சிக்கலுக்கும் வரைந்த சின்ன வரைபடங்கள்தான் முக்கியம் என்றார். நான் மாணவர்களிடம் கேட்பதும் அதைத்தான். ஒரு புள்ளிக்கு ஒரு சின்ன வரைபடம். நான்கு புள்ளி கிடைத்தால் நான்கு வரைபடம். அவற்றைச் சேர்ப்பது பிறகு.

யாழினி

எல்லாருக்கும் நன்றி. ஐந்து நாள் பதில் போடாததற்கு மன்னிக்கவும், கீழேயே இருந்தேன்.

நேர்க்கோடுகளை ஒதுக்கியதும் 90க்கும் குறைவாகத்தான் மிஞ்சியது. அவை மூன்று இடத்தில் கூடுகின்றன. ஒவ்வொன்றிலும் போய் நின்றேன்.

முதல் இடம் சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு அருகில். எல்லாரும் அரை மீட்டர் ஒதுங்குகிறார்கள். மேலே பார்த்தேன், அங்கிள் சொன்னதேதான், ஏசிக் குழாய் சொட்டு. சுவரோரமாகச் சொட்டைத் தாங்க ஒரு தகரச் சார்ப்பு வைத்தால் தீர்ந்தது.

இரண்டாவது இடத்தில் பச்சைக் கோடுகள் மட்டும் வளைகின்றன. தரையில் வடிகால் மேல் இரும்புச் சல்லடை. அதன் இடைவெளிகள் நடக்கிற திசையிலேயே நீளமாக ஓடுகின்றன. எதிர்வீட்டுப் பாட்டியின் டிராலியைக் கேட்டு வாங்கி இழுத்துப் பார்த்தேன். சின்னச் சக்கரம் நேராக உள்ளே இறங்கிச் சிக்கியது. கைப்பிடி வயிற்றில் இடித்தது. பத்தொன்பது வருடம் அந்தச் சல்லடையைத் தாண்டியிருக்கிறேன், ஒரு தடவையும் பார்த்ததில்லை. குறுக்காகத் திருப்பிப் போட்டாலே போதும்.

மூன்றாவது, தபால் பெட்டி. ஜோதி அக்கா, நீங்கள் சொன்னதால் 10 முதல் 12 வரை உட்கார்ந்தேன். எங்கள் புளோக்கிலும் ஒரு தாத்தாவும் இரண்டு பாட்டிகளும் அந்த நேரத்தில்தான் இறங்குகிறார்கள். பெட்டியைத் திறக்கிறவர்கள் கையில் இருக்கும் பைகளைத் தரையில் வைக்கிறார்கள், சாவி தேடுகிறார்கள், குனிந்து மறுபடி எடுக்கிறார்கள். ஒரு பாட்டி முட்டைத் தட்டைப் பெட்டிகளின் மேலே வைக்க எட்டாமல், என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

அதனால் என் கட்டடம் இப்போது இவ்வளவுதான். பெட்டிகளுக்கு எதிரே 45 செ.மீ. உயரத்தில் ஒரு திண்ணை, வழியைப் பார்த்தபடி. அதன் ஒரு முனை இடுப்பு உயரத்துக்கு ஏறிப் பை வைக்கும் மேடையாகும். அந்த ஏற்றமே எழுபவர்களுக்குக் கைப்பிடி. பக்கத்தில் சக்கர நாற்காலி நிற்க இடம். வெளியே கூரை தாழ்வாக, அகலமாக, சல்லடை வரைக்கும். வளைந்த கூரையை எடுத்துவிட்டேன். மூன்று இரவு உழைப்பு, மனசு கேட்கவில்லை, ஆனால் எடுத்துவிட்டேன்.

ஒரே சந்தேகம். திண்ணை போட்டால் நடக்க 1.9 மீட்டர்தான் மிஞ்சுகிறது. காலை 7 மணிக்கு அது போதுமா?

அளவுநாடா

காகிதத்தில் தெரியாது. மாஸ்கிங் டேப் வாங்கி, திண்ணையைத் தரையில் முழு அளவில் ஒட்டு. உள்ளே நான்கைந்து அட்டைப்பெட்டி அடுக்கு, வெறும் டேப் என்றால் மிதித்துக்கொண்டு போய்விடுவார்கள். நகர மன்றத்துக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடு. காலையில் உட்கார்ந்து, இரண்டு பேர் எதிரெதிரே வரும்போது யார் தோளைத் திருப்புகிறார்கள் என்று மட்டும் பார். டிராலியும் சக்கர நாற்காலியும் ஒரே நேரத்தில் வந்தால் அதைக் கட்டாயம் குறித்துக்கொள். இடித்தால் திண்ணையை இரண்டு விரல்கடை குறை, மேடையை மட்டும் தொடாதே. படம் எடுத்துப் போடு.

யாழினி

டேப் வாங்கிவிட்டேன் அங்கிள். நகர மன்றத்திலும் சரி என்றார்கள், ஒரே காலைதான், 10 மணிக்குள் எடுத்துவிடவேண்டும். தரை கழுவும் அண்ணன் 5.30க்கு வருவார், டேப் நனைந்து பிய்ந்துவிடுமே என்று பயமாக இருந்தது. இன்று அவரிடமே காட்டினேன். தபால் பெட்டிப் பக்கத்தைக் கடைசியாகக் கழுவுகிறேன் என்றார். வெள்ளிக்கிழமை காலை ஒட்டுகிறேன்.